வெள்ளைக்குள் தெரியாத நிறம்

யார் கண்ணிலும் படவே கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்குகிற சாமான் ஒன்று உண்டென்றால் அது உள்ளாடைதான். அதை இருபத்திரண்டு வருஷம், குன்னூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நின்று விற்றவள் நான். கீழே சேலை, வேட்டி, கம்பளி. அங்கே முதலாளி உட்கார்ந்திருப்பார். மரப்படி ஏறி வந்தால் மாடியில் நானும் ஒரு நிலைக்கண்ணாடியும் மட்டும். வாங்க வருகிறவர்களில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டெல்லாக்கா என்று கூப்பிட்டால் ஓடி வருவேன். "ஏம்மா, சேல்ஸ் கேர்ள்" என்று கூப்பிட்டால் எனக்குக் காது கேட்காது.

இந்த அவஸ்தையை நீங்களும் பட்டிருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் படி ஏறும்போது, பின்னால் வருகிறவள் நம் முதுகைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்து முந்தானையை இழுத்து விட்டிருப்பீர்கள். இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் பட்டை வெட்டி சதை பிதுங்கும். சுடிதாருக்குள் ஜட்டியின் ஓரம் கோடு போட்டுக் காட்டும். லேசான துணி என்றால் உள்ளே இருக்கிற லேஸின் பூவைக்கூட எண்ணிவிடலாம். இதெல்லாம் உயிர் போகிற விஷயமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இதனால் படிப்பே போகப் பார்த்தது. போக இருந்ததற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவளுக்கு முன்னால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

ஸ்வெட்டர் கழிவு

எங்கள் ஊரில் ஸ்வெட்டரைக் கழற்றுவது குளிக்கிற நேரத்துச் சமாச்சாரம். கடையில் அளவெடுக்கக் கழற்றச் சொன்னால் கோபித்துக்கொண்டு படி இறங்கிவிடுவார்கள். அதனால் ஸ்வெட்டர் மேலேயே டேப்பைச் சுற்றுவேன். கையால் பின்னிய முரட்டு ஸ்வெட்டர் என்றால் மூன்று அங்குலம் கழிப்பேன், கடையில் வாங்கிய மெல்லிசு என்றால் இரண்டு. பெட்டியில் பிரா என்று அச்சடித்திருக்கும். எங்கள் பக்கம் பாடி என்போம். அதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "உள்ளுக்குப் போடறதுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். இப்படி ஸ்வெட்டரோடும் கூச்சத்தோடும் வருகிறவர்களுக்குத்தான் நான் அளவு பார்த்தேன்.

கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். என் கழிவை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "டேப்புல முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டே குடுங்க, அதென்ன நீங்களா கழிக்கறது" என்று வாங்கிப் போவார். ஒவ்வொரு தடவையும் நான் தொண்டை வறளச் சொல்லிப் பார்ப்பேன். உள்ளே தொளதொளவென்று கிடந்தாலும் மலையில் யாருக்குத் தெரியும், மேலேதான் ஸ்வெட்டர் இருக்கிறதே. மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கோயமுத்தூர் போனார். மேட்டுப்பாளையத்து வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றியவர் மறுபடி போடவில்லை. புதுப் பட்டு ஜாக்கெட், உடம்போடு ஒட்டித் தைத்தது. அதற்குள் பாடி மடிந்து மடிந்து, போட்டோவில் முதுகெல்லாம் வரிவரியாக விழுந்துவிட்டது. அந்தப் போட்டோவைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் பட்ட வேதனை அதில் தெரிந்தது.

"இத்தன வருஷமா என் மானத்தக் காப்பாத்தினது உங்க கடைச் சரக்கு இல்லீங்க ஸ்டெல்லா, என் ஸ்வெட்டருங்க."

என் கை

வெள்ளைத் துணிக்குள் வெள்ளை போட்டால் தெரியாது என்று ஊரெல்லாம் நினைக்கிறது. நினைக்கிறவர்கள் ஒரு நாள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பார்க்க வேண்டும். வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியும். தெரியக் கூடாதென்றால் தோலோடு தோலாகப் போகிற நிறம் வேண்டும். தொழிலில் எனக்குத் தெரிந்த பெரிய ரகசியம் இதுதான். பெட்டியில் அந்த நிறத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்கின் என்று போட்டிருக்கும். வாங்க வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். அப்போது என் முழங்கையின் உட்பக்கத்தை அந்தத் துணியின்மேல் வைத்துக் காட்டுவேன். துணி எங்கே முடிகிறது, கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. எங்கள் அப்பா வழியில் எல்லோரும் நல்ல வெளுப்பு.

எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ரீட்டாவுக்கு மாதா கோயிலில் கல்யாணம். மெல்லிய வெள்ளைச் சேலை, அதைவிட மெல்லிய வெள்ளை ஜாக்கெட். அம்மாக்காரி வெள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லேஸ் கூடாது, நடுவில் தையல் கூடாது, பட்டை அகலமாக இருக்க வேண்டும், ஒரு அளவு சின்னதாக வாங்கி இறுக்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பாடமே நடத்திவிட்டு, கடைசியில் என் கையை வைத்துக் காட்டினேன். ரீட்டாவும் என்னைப் போலத்தான், வெளுத்த பெண். கல்யாணம் முடிந்த மறுவாரம் அம்மாக்காரி கேக்கோடு மாடி ஏறி வந்தாள். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஒரு மணி நேரம் கோயிலே எம்புள்ள முதுகத்தான் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு, ஒண்ணுமே தெரியலீங்க, உங்க கைக்கு ஒரு வளையல் போடோணுங்க."

லெச்சுமியும் மகளும்

ஆடி மழையில் நனைந்துகொண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் லெச்சுமி, கூடலூர் தாண்டி சேரங்கோட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது இலங்கையிலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவள். தோட்டம் கொடுத்த வரிசை அறைகளில் ஒன்றில் குடியிருப்பு. அதை வீடு என்று சொல்லமாட்டாள், லயம் என்பாள். மகள் யோகேஸ்வரிக்கு எங்கள் ஊரில் ஒரு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கையில் பள்ளிக்கூடம் கொடுத்த பட்டியல். வெள்ளைக் கவுன் மூன்று, வெள்ளை ஷூ, நீல ஸ்வெட்டர், கடைசியில் "உள்ளாடை, வெளியே தெரியாதபடி".

லெச்சுமி அதிகம் பேசுகிறவள். மழை விடுவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டாள். அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். அதன்பிறகு லயத்து அறையைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவர் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மகள் நர்ஸாகிவிட்டால் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விடலாம். ஆகாவிட்டால் அந்த அறைக்காக மகள் தலையில் கூடைக் கயிற்றை மாட்ட வேண்டியதுதான்.

நான் டேப்பைச் சுற்றி, இரண்டு அங்குலம் கழித்தேன். "எங்க கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு, உங்களுக்கு ஸ்வெட்டர் கழிவா, கழிவு இல்லாத எடமே கெடையாதாங்க?" என்று லெச்சுமி சிரித்தாள். கொழுந்து மழையில் நனைந்திருந்தால் எடையில் கொஞ்சம் கழிப்பார்களாம். தைத்து வைத்திருந்த கவுனையும் காட்டினாள். மெல்லிய டெரிகாட்டன், இடுப்பில் பிடித்து, முதுகில் ஜிப் வைத்து உடம்போடு தைத்தது. இதற்கு வெள்ளை ஆகாது, ஸ்கின்தான் என்று என் பாடத்தை நடத்தி, வழக்கம்போல் கையை வைத்துக் காட்டினேன். யோகேஸ்வரி என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு எடுத்துக்கொண்டார்கள்.

"உங்க கையக் கண்ணால பாத்துட்டோமே, அப்பறம் என்னாங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெரட்டு

மாதம் ஒன்று ஆகியிருக்கும். யோகேஸ்வரி தனியாக வந்தாள். மேலே ஏறி வந்தவள் ஒன்றும் கேட்காமல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு ஆள் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். தினமும் காலையில் வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். டியூட்டர் அம்மா முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை நடந்து நகம், கொண்டை, கவுன் எல்லாம் பார்ப்பார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதை யோகேஸ்வரி வீட்டில் பெரட்டு என்பார்கள். இதற்கும் அவள் அதே பெயரைத்தான் வைத்திருந்தாள். ரோட்டில் வரும்போது ஸ்வெட்டர் போடலாம். வார்டுக்குள் கூடாது, அதனால் வரிசையிலும் கூடாது.

டியூட்டர் அம்மா அவள் முதுகில் விரலை வைத்து, "உள்ள போட்டிருக்கறது அப்படியே தெரியுது, போய் மாத்திட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஹாஸ்டலுக்கு மேடேறிப் போய், மாற்றிக்கொண்டு வருவதற்குள் வார்டு வேலை பாதி முடிந்துவிடும். அரை நாள் ஆப்சென்ட். மாற்றுவதற்கும் அவளிடம் என்ன இருந்தது, நான் கொடுத்த அதே ஆறுதான். "அரைப்பேரு போடுறாங்கக்கா" என்றாள். தோட்டத்தில் எடை குறைந்தால் பாதிக் கூலி எழுதுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று பெயர். இப்படி ஏழு தடவை ஆகிவிட்டது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சைஸ் தப்பாக இருக்கும், பட்டை முறுக்கியிருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். வெள்ளைக் கவுனுக்குள் அவள் முதுகு மாநிறத்தைத் தாண்டிய நல்ல கறுப்பு. அதன் குறுக்கே நான் விற்ற பட்டை, வெளிறிப்போன ஒரு கட்டுப்போல் பளீரென்று தெரிந்தது. தோள்பட்டை இரண்டும் தெரிந்தன. கொக்கிகூடத் தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பெட்டியில ஸ்கின்னுன்னு போட்டிருக்கேக்கா, இது யாரு ஸ்கின்னு?"

ஓடாத கலர்

அதற்கப்புறம் நான் செய்யாத வித்தை இல்லை. கறுப்பு கொடுத்துப் பார்த்தேன், வெள்ளைக்குள் கறுப்பு கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. கெட்டியான சிம்மீஸ் ஒன்றை மேலே போடச் சொன்னேன். பட்டை மறைந்தது, ஆனால் பிடித்துத் தைத்த கவுன் அந்தக் கனத்தைத் தாங்காமல் வார்டில் குனிந்தபோது முதுகு ஜிப் விட்டுவிட்டது. அது இன்னொரு அரைப்பேர்.

திருப்பூரிலிருந்து மாதம் ஒரு முறை ஏஜென்ட் சண்முகம் வருவார். தங்கமான மனிதர், கடைப் படியில் என் பையைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார். பிரவுன் வேண்டும், நல்ல காபிப்பொடி நிறத்தில் வேண்டும் என்றேன். பெட்டிக்குள் வெள்ளை, கறுப்பு, ஸ்கின், ரோஸ் நாலுதான் வருகிறது, அந்தக் கலர் ஓடாது அக்கா என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைப் பிடித்து ஸ்கின் துணிமேல் வைத்தேன். சண்முகமும் யோகேஸ்வரி நிறம்தான். அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைச் சொல்லி என்ன. பதினோரு வருஷமாக அதே துணிமேல் என் கையை வைத்து விற்றவள் நான்தானே.

"நம்ம ஊருல ஸ்கின்னுன்னா இதுதானுங்கக்கா, நம்ம கலர யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க?"

தகரப்பெட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஜார் வழியாக வந்துகொண்டிருந்தேன். மூடிக்கிடந்த எங்கள் கடை வாசலில் லெச்சுமியும் யோகேஸ்வரியும் நின்றுகொண்டிருந்தார்கள். காலடியில் யோகேஸ்வரியின் தகரப்பெட்டி. அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்: நான் வந்துவிடுகிறேன், எனக்கும் சேர்த்துப் பேர் பதிந்துவிடுங்கள் என்று. லெச்சுமி முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "உங்க கையப் பாத்துத்தானேங்க வாங்குனோம்" என்றாள். நடு பஜாரில் சத்தமாகச் சொன்னாள், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையதுதான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். என்னைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் மன்னிப்புக் கேட்க எனக்குச் சங்கடமாக இல்லை, கேட்காமல் இருந்ததுதான் அந்த ஒரு மாதமும் சங்கடமாக இருந்தது. கூடலூர் பஸ்ஸுக்கு மத்தியானம் வரை நேரம் இருந்தது. வாங்க, ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பெட்டியை நான்தான் தூக்கினேன்.

அடுப்படியில் உட்கார்ந்து லெச்சுமி டம்ளரை வாங்கினாள். அவள் விரல்களில் ரேகையெல்லாம் கறுத்துக் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கொழுந்துச் சாறு ஏறிய கறை, ரிட்டயர் ஆனாலும் போகாது என்றாள். சொல்லிவிட்டு டம்ளரில் இருந்த டீயையும் தன் விரலையும் கொஞ்ச நேரம் மாறிமாறிப் பார்த்தாள். நான் அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வெள்ளப் பாடி இருந்தாக் குடுங்க, கலர நாங்க போட்டுக்கிறோம்."

இரும்புச் சட்டி

வீட்டில் வெள்ளை நாலைந்து இருந்தன. நைலானும் எலாஸ்டிக்கும் இல்லாத, முழுக்கக் காட்டனில் தைத்த பழைய மாடல். சின்ன அளவு, வாங்க ஆளில்லாமல் கிடந்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு முதலாளி பரிசு என்று சொல்லி என் தலையில் கட்டியது. அன்றைக்கு அவரை மனதாரத் திட்டியிருந்தேன். நைலானும் எலாஸ்டிக்கும் கலந்ததில் சாயம் ஒரே மாதிரி ஏறாது. பஞ்சில் ஏறும், பட்டையும் பஞ்சுதான் என்பதால் அதிலும் ஏறும். லெச்சுமி பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். ஹாஸ்டல் வார்டன் கையில் கொடுத்து, மகளுக்காக ஒரு வார்த்தை கெஞ்சிப் பார்க்கலாம் என்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த டஸ்ட் டீ. பொட்டலம் முழுவதையும் அலுமினியச் சட்டியில் கொட்டிக் கொதிக்கவிட்டாள்.

முதலாவது எடுத்துப் பிழிந்தபோது பழுத்த இலை மாதிரி மஞ்சளாக நின்றது. என் நிறத்துக்குச் சரி, யோகேஸ்வரிக்கு இல்லை. லெச்சுமி யோசித்துவிட்டு இரும்புச் சட்டி கேட்டாள். செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தியில் சாறு பட்டால் மையாகக் கறுத்துப்போகுமாம், இரும்புதான் அதற்குக் காரணமாம். என் தாளிக்கிற இரும்புச் சட்டியைச் சாம்பல் போட்டு எண்ணெய் போகத் தேய்த்துக் கொடுத்தேன். அதில் போட்டதும் நிறம் கறுக்க ஆரம்பித்தது. அவசரத்தில் ஒன்று சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகப் போய்விட்டது. அடுத்ததைக் கிண்டிக்கொண்டே இருந்தோம், உப்பு போட்டோம், எடுத்தோம், மறுபடி போட்டோம். ஈரத்தில் கறுப்பாகத் தெரிகிறது காய்ந்தால் வெளுக்கும். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் துணி காய மூன்று நாள் ஆகும். அதனால் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் யோகேஸ்வரியை ஜன்னல் வெளிச்சத்துக்கு வரச்சொல்லி அவள் தோள்மேல் வைத்துப் பார்த்தோம். எந்தத் தடவையும் என் கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாவது முக்கில் துணியின் ஓரம் அவள் தோளில் கரைந்தது. உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, மேலே கவுனையும் மாட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். லெச்சுமி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், குனியச் சொல்லிப் பார்த்தாள், வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுந் தெரியல புள்ள, பெட்டியத் தூக்கு, ஆஸ்டலுக்குப் போவோம்."

திங்கட்கிழமை

மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. பெரட்டு முடிந்திருக்கும், வார்டுக்குப் போயிருப்பாள், இல்லை ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மரப்படியில் ஓடி ஏறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு வேகமாக அந்தப் படியில் யாரும் ஏறி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் சிரிப்பு. அவள் சொன்னதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தன்னை யாரும் நின்று பார்க்கவில்லை என்பதற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது, அவள் எதிரிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டியூட்டர் அம்மா என்னையத் தாண்டிப் போயிட்டாங்கக்கா, நிக்கவே இல்ல!"

காபி

சாயம் துவைக்கத் துவைக்க வெளுக்கும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவள் என் வீட்டுக்கு வருவாள், இரும்புச் சட்டி அடுப்பில் ஏறும். அதற்குப் பிறகு அந்தச் சட்டியில் நான் தாளிக்கவே இல்லை. அரைப்பேர்களையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் அந்த வருஷம் பரீட்சை எழுதத் தேவையான வருகை மயிரிழையில் தேறியது. மூன்று வருஷமும் ஒவ்வொன்றாகத் தேறினாள்.

சுடிதார் போய் லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும் மலையேறி வந்தபோது, சண்முகமே ஒரு நாள் சிரித்துக்கொண்டு புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே அதே பிரவுன். பெட்டியின்மேல் காபி என்று போட்டிருந்தது. ஏன், இதற்கும் ஸ்கின் என்று போட்டால் என்ன என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. நான் என் பங்குக்கு, அலமாரியில் இருந்த தோல் நிறப் பெட்டிகள் எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி ஸ்கின் ஒன்று, ஸ்கின் இரண்டு என்று எழுதிவைத்தேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யோகேஸ்வரி வந்தாள். ஸ்டாஃப் நர்ஸாகி, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். லெச்சுமி லயத்துச் சாவியைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு அவளோடு வந்துவிட்டாளாம். விரலில் கறை அப்படியேதான் இருக்கிறதாம். கூட மூன்று பெண்கள், முதல் வருஷ மாணவிகள், மூவருக்கும் நீல ஸ்வெட்டர். கவுன்டரில் வந்து நின்றதும் மூன்று பேரும் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இந்தத் தடவை குளிருகிறது என்று நான் நினைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் யோகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"கைய நீட்டுங்கடி, அக்கா அவங்க கையப் பாத்துக் குடுக்கமாட்டாங்க, நம்ம கையப் பாத்துத்தான் குடுப்பாங்க."

கண்ணுக்குத் தெரியாத சாமானை இருபத்திரண்டு வருஷம் விற்ற எனக்கு, எதிரே நின்றவளின் கை கண்ணுக்குத் தெரிய அதில் பாதி வருஷம் ஆகிவிட்டது.